போர்ட்டிங்குக்குத் தமிழ்: ‘பெயர்நடவு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய செல்பேசி விளையாட்டுகள் பற்றிய கட்டுரைக்காக ‘போர்ட்டிங்’ என்பதற்கு, அதாவது ஒரு போனுக்கு எழுதிய ஆட்டத்தை வேறு போனிலும் ஓடவைப்பதற்கு, சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ஐயா ‘தழுவல்’ என்றார். தங்கை ‘துறைமாற்றம்’ என்றார். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. தழுவலில் கதையையே நம் ஊருக்கு ஏற்ப மாற்றலாம். போர்ட்டிங்கில் ஆட்டம் மாறவே கூடாது, அது ஓடும் போன் மட்டும்தான் மாறும். துறைமாற்றம் என்றால் அரசு ஊழியரை வேறு இலாகாவுக்கு அனுப்பியதுபோல் ஒலிக்கிறது.

2004-இல் இங்கே பெங்களூரில், கோரமங்களாவில் ஒரு சிறு நிறுவனத்தில் நான் இந்த வேலையைத்தான் செய்தேன். நோக்கியா 6600-இல் திரை 176-க்கு 208 புள்ளி. போனில் ஜாவா ஆட்டங்கள் ஓடுவதற்கான எம்ஐடிபி என்ற தரத்தின் 2.0 பதிப்பு அதில் இருந்ததால், நகரும் உருவங்களுக்கான ஸ்பிரைட், பின்னணிக்கான டைல்டுலேயர் எல்லாம் தயாராகவே கிடைக்கும். அதே ஆட்டம் நோக்கியா 3100-க்கும் போக வேண்டும். அதன் திரை 128-க்கு 128. அதில் இருந்த எம்ஐடிபி 1.0-இல் ஸ்பிரைட் என்ற வகுப்பே (நிரலின் ஒரு கூறு) கிடையாது, நாமே எழுத வேண்டும். ஆட்டம் முழுவதும் அடங்கிய ஜார் கோப்பு 64 கிலோபைட்டைத் தாண்டினால் போன் ஏற்காது. சிறு சிறு படங்களை ஒரே பிஎன்ஜி படக்கோப்பில் அடுக்குவோம், வகுப்புகளை ஒன்றாக்குவோம், மாறிகளின் பெயர்களை ஓரெழுத்தாகச் சுருக்குவோம். அப்படியும் அடங்காவிட்டால் இசையில் கைவைப்போம். அப்புறம் சீமென்ஸ் போனுக்குப் போனால் திரைக்குக் கீழே இடப்பக்கம் இருக்கும் பொத்தானுக்கு (சாஃப்ட்கீ) நிரலில் தரும் எண்ணே வேறு. நோக்கியாவில் -6, அங்கே -1.

என் அம்மாவின் ஊர் மன்னார்குடிப் பக்கம். நாற்றங்காலிலிருந்து நாற்றை வேரோடு பறித்து, நுனி கிள்ளி, வேறு வயலில் நடுவார்கள். பயிர் அதேதான், மண்தான் வேறு. நாங்கள் செய்ததும் இதுவே என்று உறுதியாக நம்புகிறேன். ஆகவே, பெயர்த்து நடுவது என்ற பொருளில் ‘பெயர்நடவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘மறுநடவு’ என்றால் முதலில் நட்டது பட்டுப்போனதாக ஆகிவிடும். இதோடு இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. ஒரு மூலப் பதிப்பைச் செய்து வைத்துக்கொண்டு, அதிலிருந்துதான் மற்றப் போன்களுக்கு எடுப்போம். அதை ‘நாற்றங்கால் பதிப்பு’ எனலாம்.

அல்சூரிலிருந்து அன்புடன்.

*மறுமொழி:*

அண்ணா, நாற்றங்கால் பதிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு ஐயங்கள். ‘பெயர்’ என்றதும் மாணவர்கள் ஆளின் பெயர் என்றுதானே படிப்பார்கள்? அடுத்தது, சில போன்களில் ஜாவாவுக்குப் பதிலாக இருந்த குவால்காம் நிறுவனத்தின் ப்ரூ தளம். அதில் சி மொழியில் எழுத வேண்டும். ஜாவாவில் எழுதிய ஒரு வரிகூட அங்கே அப்படியே ஓடாதே, வேரோடு பறிக்க என்ன இருக்கிறது?

*மறுமொழி:*

தங்கைக்கு, முதல் ஐயம் பெரிதல்ல. சனிப்பெயர்ச்சி என்றால் யாரும் சனியின் பெயர் என்று எடுத்துக்கொள்வதில்லை. மொழிபெயர்ப்பும் இருக்கிறது. பெயர்நடவு ஊறுகாய்போல ஒரு வினைத்தொகை, இலக்கணத்திலும் தடையில்லை.

இரண்டாவதில் நீ சொல்வதே சரி. ப்ரூவுக்குப் படங்களும் ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்துக்குமான (லெவல்) அமைப்புகளும் போகும், நிரல் முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். அது நடவு அல்ல, விதைப்பு. ‘மறுவிதைப்பு’ என்று தனிச்சொல் வைத்துவிடலாம். எங்கள் அலுவலகத்தில் இரண்டையும் போர்ட்டிங் என்றே சொன்னார்கள். அதனாலேயே, எத்தனை நாளில் முடியும் என்று பேச உட்காரும் ஒவ்வொரு முறையும் தகராறு வந்தது. 3100-க்குக் கொண்டுபோகும் அதே நாள் கணக்கில் ப்ரூவையும் கேட்பார்கள்.

கட்டுரையில் இப்படி எழுதிப் பார்த்தேன்: “6600-க்கான நாற்றங்கால் பதிப்பிலிருந்து ஆட்டம் 3100-க்குப் பெயர்நடவு செய்யப்பட்டது, ப்ரூ போன்களுக்கு மறுவிதைப்பு தேவைப்பட்டது.” நிரல் எழுதத் தெரியாத யாரிடமாவது வாசித்துக் காட்டிவிட்டு, எந்த இடத்தில் தடுக்கினார் என்று எழுது.