அட்டையில் இல்லாத கட்டம்

குழந்தை மருத்துவர் (கம்போடியா, 2017):

சியெம் ரியப் நகரிலிருந்து தோன்லே சாப் ஏரிப் பக்கமாக அரை மணி நேரம் போனால் அந்தக் குழந்தைகள் இல்லம். பத்து நாள் மருத்துவப் பயணத்தில் ஆறாம் நாளுக்கு எதிரே 'அநாதைக் குழந்தைகளைச் சந்தித்தல்' என்று அச்சிட்டிருந்தார்கள். மற்ற நாள்களுக்கெல்லாம் 'முகாம்' என்றிருக்க, இதற்கு மட்டும் ஏன் 'சந்தித்தல்' என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

வேனிலிருந்து இறங்கியதுமே ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து என் ஆள்காட்டி விரலைப் பற்றிக்கொண்டாள். அண்ணாந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் மனம் உருகிவிட்டது. மதியம் தண்ணீர்க் கேன் இறக்க ஒருவர் வந்தார். அவரிடமும் அதே ஓட்டம், அதே விரல். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டதும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளியும் குழந்தைகளையே இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்த ஒளிதலும் அழுகையும்தான் ஆரோக்கியம். யாரை நம்பலாம் என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. இல்லங்களில் வளரும் குழந்தைகள் முன்பின் தெரியாதவர்களிடமும் தயக்கமின்றி ஒட்டிக்கொள்வதை ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய நீண்ட ஆய்வு விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பார்த்தார்கள். சுமார் இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள் பெரிதும் தேறினார்கள். இதையெல்லாம் படித்துத் தேர்வு எழுதியவன் நான். விரலைப் பிடித்தபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

நோய்கள் எதிர்பார்த்தவைதான். ஏறக்குறைய எல்லோருக்கும் சொறி சிரங்கு. விரலிடுக்கிலும் இடுப்பிலும் கீறிக் கீறிப் புண்ணாகியிருந்தது. முன்பு வந்த ஏதோ குழு, அரிப்பு என்று சொன்னவர்களுக்கு மட்டும் களிம்பு கொடுத்துவிட்டுப் போயிருந்தது. அது வீண் வேலை. ஒரே இரவில் எல்லோரும், பராமரிப்பாளர்கள் உட்பட, கழுத்திலிருந்து பாதம்வரை பெர்மெத்ரின் என்ற சிரங்குக் களிம்பைப் பூசி, துணியையும் போர்வையையும் வெந்நீரில் அலசி, ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். அந்த இரண்டாம் பூச்சுக்கு நாங்கள் அங்கே இருக்கமாட்டோம் என்பதால், இல்லத்தில் சமைக்கும் பெண்மணிக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு வந்தோம்.

என் விரலைப் பிடித்த சிறுமியின் கண்ணிமை உட்புறம் வெளிறியிருந்தது. ஹீமோகுளோபின் 9 கிராம்தான். கம்போடியாவிலும் தாய்லாந்திலும் 'ஹீமோகுளோபின் ஈ' என்ற பரம்பரை இரத்தக் குறைபாடு மிகப் பரவலானது. அதனால் அங்கே வெளிறிய குழந்தையைக் கண்டதும் இரும்புச்சத்து மாத்திரையை எழுதிவிட்டு நகர்ந்துவிட முடியாது. பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: "அம்மா அப்பாவுக்கு இரத்தசோகை உண்டா?" கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளுடைய மருத்துவ அட்டையில் 'அநாதை' என்று முத்திரை இருந்தது.

மொழிபெயர்த்த நர்சிங் மாணவி அதற்குள் அவளிடம் கேட்டுவிட்டாள். சிறுமி சாதாரணமாகப் பதில் சொன்னாள். 'மாக்' என்ற சொல் எனக்கே புரிந்தது. கம்போடியாவின் கெமர் மொழி பேசும் குழந்தைகள் அம்மாவை அப்படித்தான் அழைப்பார்கள். அம்மா தாய்லாந்தில் கட்டட வேலை செய்கிறாளாம். ஏப்ரல் புத்தாண்டுக்கு வருவாளாம். பாட்டி ஊரில் இருக்கிறாளாம். அம்மாவும் இப்படித்தான் வெளுப்பாக இருப்பாளாம்.

அதன்பின் எல்லாக் குழந்தைகளிடமும் அதே கேள்வியைக் கேட்டோம். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். நிர்வாகி மறைக்கவில்லை. "பள்ளிக்கூடம், மூன்று வேளைச் சோறு, ஆங்கிலம். ஊரில் இதெல்லாம் கிடைக்காது என்று அவர்களே கொண்டுவந்து விடுகிறார்கள்" என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்கள் பெட்டி பெட்டியாகப் பொருளோடு இல்லத்துக்கு வருவதால்தான் ஊரில் கிடைக்காதது இங்கே கிடைக்கிறது. பிள்ளையை இங்கே அனுப்பத் தாய்க்கு நாங்களும் ஒரு காரணம். 2015இல் கம்போடிய அரசும் யுனிசெஃப் அமைப்பும் எடுத்த கணக்கில் நாடு முழுவதும் 406 இல்லங்கள், 16,579 குழந்தைகள். அவர்களில் எத்தனை பேர் புத்தாண்டுக்கு அம்மா வருவாள் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்களோ!

பேயாட் ரிச்னர் என்ற சுவிஸ் மருத்துவர் செல்லோ வாசித்து நிதி திரட்டி வளர்த்த கந்தா போபா மருத்துவமனைகளில் ஒன்று சியெம் ரியப்பில் இருக்கிறது. குழந்தைகளுக்குக் கட்டணம் கிடையாது. சிறுமியை அங்கே அனுப்பக் கடிதம் எழுதினேன். அட்டையில் பெற்றோருக்கென்று கட்டமே இல்லை. ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டு, அம்மா பெயரையும் பாட்டியின் ஊரையும் மாணவியிடம் கெமர் எழுத்தில் எழுதித் தரச் சொன்னேன்.

செவிலியர் (நேபாளம், 2015):

டாக்டர், உங்கள் சிறுமியாவது ஓடிவந்தாள். நான் பார்த்த குழந்தைகளுக்கு ஓடும் வயதில்லை.

ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குச் சில மாதங்களுக்குப் பிறகு காத்மாண்டு போன குழுவில் இருந்தேன். இரண்டு வாரம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வேலை. கைக்குழந்தைகள் இருந்த அறைக்குள் நுழைந்தால் பன்னிரண்டு தொட்டில்கள், சத்தமே இல்லை. எல்லோரும் தூங்குகிறார்கள் என்று நினைத்து அடிமேல் அடி வைத்து நடந்தேன். எல்லோரும் விழித்திருந்தார்கள். அழுதால் ஆள் வரும் என்று தெரிந்த குழந்தைதான் அழும்.

பால் புட்டியைச் சுருட்டிய துணிமேல் சாய்த்து வாயில் வைத்திருந்தார்கள். புரையேறும், காதில் சீழ் பிடிக்கும். தலையை உயர்த்தி மடியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன். பன்னிரண்டு பேருக்கு இரண்டு பெண்கள். எந்த மடியில் வைப்பார்கள்?

எட்டு மாதக் குழந்தை ஒன்று. புயத்தைச் சுற்றி நாடாவால் அளந்தால் 112 மில்லிமீட்டர். 115க்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டக்குறைவு. முதல் நாள் முழுவதும் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் அந்தப் பெண்களில் மூத்தவர் அருகே வந்து மிக மெதுவாகச் சொன்னார்: "தீதி, அவளைத் தூக்காதீர்கள். நீங்கள் போய்விடுவீர்கள். அப்புறம் அவள் தேடுவாள். என்னிடம் இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்கள்."

தீதி என்றால் அக்கா. என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர் மரியாதைக்காக அப்படி அழைத்தார். நான் குழந்தையைக் கீழே விட்டேன். எனக்குக் கோபம் வந்தது, மறைப்பதற்கில்லை. இரவு முழுக்க யோசித்தபின் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை என்று தெரிந்தது.

மறுநாளிலிருந்து புட்டிகளைக் கொதிக்க வைப்பது, துணி துவைப்பது, தரை துடைப்பது, எடை குறிப்பது எங்கள் வேலை. குழந்தைகளைத் தூக்குவது அவர்கள் வேலை. யாருக்கு யார் என்றும் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஆறு, மாற்றக் கூடாது. எங்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. துணி துவைக்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. துவைக்க நிறைய இருந்தது.

கடைசி நாள் நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அந்த எட்டு மாதக் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு அந்தப் பெண்மணி அடுத்த அறைக்குப் போனார். வீறிட்டு ஓர் அழுகை. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். குழந்தை என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கதவைப் பார்த்து இன்னும் பலமாக அழுதாள். அவர் கையைப் புடவையில் துடைத்தபடி ஓடிவந்தார்.