புதுப்பிப்பு: கருப்பிக்கு வந்தது உண்ணிக் காய்ச்சல்

மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, மூக்கில் ரத்தம் கசிகிறது என்று எங்கள் நாய் கருப்பியைப் பற்றிப் பத்து நாள் முன்னால் புலம்பியிருந்தேன். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொன்னீர்கள். இரவு எட்டரை மணிக்குத் தாம்பரத்திலிருந்து ஆட்டோ கிடைக்கவில்லை, பக்கத்துச் சின்ன கிளினிக்குக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஸ்டீல் மேசையைப் பார்த்ததும் இவள் நடுங்கினாள். டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஈறு வெளிறியிருப்பதைக் காட்டினார், காதுமடலுக்குள்ளிருந்து மூன்று உண்ணிகளை எடுத்தார். ரத்தம் உறைய உதவும் தட்டணு வெறும் 38 ஆயிரம். இரண்டு லட்சமாவது இருக்க வேண்டுமாம்.

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 28 நாள், வெறும் வயிற்றில் கூடவே கூடாது. தேறிவிட்டாளே என்று நடுவில் நிறுத்தவும் கூடாது. சுவர் விரிசலில் உண்ணி முட்டையிடும் என்பதால் வீட்டுக்கும் மருந்தடித்தாயிற்று. (அதற்கு ஆன செலவைக் கேட்காதீர்கள்.)

மறுநாள் காலை டாக்டரம்மாவே போன் செய்து, "பாப்பா மோர்சோறு சாப்பிட்டாளா?" என்றார். அப்போது இல்லை. நேற்றைய சோதனையில் தட்டணு 1.6 லட்சம். இன்று என் இட்லியையும் சேர்த்துத் தின்றுவிட்டாள்.