எந்த ஊருன்னு கேட்டப்போ நடந்தது: தூத்துக்குடி மக்கா, மனசுல நிக்கிற ஒண்ணை எழுதுங்க

உப்பளத்துப் பையன்:

அகமதாபாத்ல புது வேலை, கேன்டீன்ல எதிர்ல உக்காந்தவர் எந்த ஊருன்னு கேட்டார், தூத்துக்குடின்னேன், அங்கதானே போலீஸ் சுட்டாங்கன்னார். 2018ல ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போன கூட்டத்துல போலீஸ் சுட்டதுக்கு அப்புறம் வெளியூர்ல இருக்கிற எல்லாருமே இதைக் கேட்டிருப்பீங்க, அதனால அதை விளக்க வேண்டாம். ஆமாங்கன்னு சொல்லிட்டு, எங்கப்பா உப்பளத்துல வேலை பார்த்தவருன்னும் சொன்னேன். மனுஷன் சாப்பாட்டை அப்படியே நிறுத்திட்டார். அவர் கட்ச் பக்கம், தாத்தா காலத்துல இருந்தே உப்பு வாருற குடும்பம். போனை எடுத்து அவங்கப்பா பாத்தி ஓரத்துல உக்காந்திருக்கிற போட்டோவைக் காட்டினார், முகத்தை விட்டுட்டு விரலால பெருசாக்கி காலைக் காட்டினார். குதிகால் முழுக்க வெடிப்பு, விரல் இடுக்குல தோல் உரிஞ்சு வெள்ளையா கெடக்கு. எங்கப்பா கால் அதே மாதிரிதான், ராத்திரி தேங்காண்ணெய் தேச்சு விடறது சின்ன வயசுல என் வேலை. நாட்டுல உப்புக்கு குஜராத் முதல், தமிழ்நாடு ரெண்டாவது, அதுலயும் நம்ம மாவட்டம்தான் முக்கால்வாசின்னு பள்ளிக்கூடத்துல படிச்சப்ப ஒண்ணும் தோணல. அந்த போட்டோவைப் பார்த்தப்ப, பாஷை தெரியாத அந்த ஆள் சொந்தக்காரர் மாதிரி ஆயிட்டார். அவர் இந்தில பேசுறார், எனக்குப் பாதிதான் புரியுது, ஆனா ரெண்டு பேருமே மழை எப்ப வந்தா உப்பு கரையும்னுதான் பேசிட்டு இருந்தோம்.

பீச் ரோடு அக்கா:

தம்பி, நீங்க நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா போலீஸ் சுட்டதைத் தாண்டி சட்டுனு உப்புக்குப் போனது எனக்கு ஒப்பல. 13 பேர் செத்தாங்க. தண்ணியும் காத்தும் கெடக்கூடாதுன்னு கலெக்டர் ஆபீஸுக்கு நடந்து போன சனம் அது, அதுல தலைகுனியறதுக்கு நமக்கு என்ன இருக்கு? எங்கிட்ட கேட்டா நான் உக்கார வச்சு முழுசா சொல்லுவேன். ஒரு தடவை முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல எதிர் பெர்த்துல ஒரு வயசான அம்மா, நாகர்கோவில் பக்கம், எந்த ஊரும்மான்னாங்க, சொன்னேன். அப்படியே என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க, விழுப்புரம் தாண்டியும் விடல. ஒரு வார்த்தை கேக்கல. இப்ப வரைக்கும் அந்தக் கைச்சூடு ஞாபகம் இருக்கு. ஊர்மேல பாசம்னா இதையும் சேத்துத்தான், முத்துநகர், மக்ரூன்னு மட்டும் சொல்லிட்டுப் போக என்னால முடியாது.

உப்பளத்துப் பையன்:

அக்கா, நான் மறைக்கல. அந்த நாள் நான் ஊர்லதான் இருந்தேன். கேன்டீன்ல அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல அது, அவ்வளவுதான்.

தோணிக்காரர் மகன்:

நான் மாலத்தீவுல ஹோட்டல் வேலைக்குப் போன புதுசு. மாலே துறைமுகத்துப் பக்கம் ஒரு சாயங்காலம் சும்மா நடந்து போறேன், சரக்கு இறக்குற இடத்துல ஒரு தோணி நிக்குது. வெங்காய மூட்டை, செங்கல், ஜல்லி, நம்ம பழைய துறைமுகத்துல ஏத்துறதுதான், பார்த்த உடனே தெரிஞ்சு போச்சு, ஏன்னா எங்கப்பா காலம்பூரா அதுல போனவரு, சின்னப் பிள்ளைல அவர் எப்ப வருவாருன்னு கடல் பக்கமே பார்த்துட்டு நின்ன ஆளு நான். பின்பக்கம் நம்ம நாட்டுக் கொடி கட்டியிருக்கு, உப்புக்காத்து பட்டு ஓரமெல்லாம் நூல் நூலா பிரிஞ்சு போயிருக்கு. மேல நின்ன ஒருத்தர்கிட்ட "அண்ணாச்சி, தூத்துக்குடியா?"ன்னு கத்தினேன். "ஆமால மக்கா, நீ எந்தத் தெருல?"ன்னாரு. அந்த "எந்தத் தெருல"ல எனக்கு அழுகை வந்துட்டு. திரேஸ்புரம்னேன், அப்பா பேரைச் சொன்னேன். "ஏ, அவரு மவனா நீ"ன்னு உடனே பலகை போட்டு மேல ஏத்தி, குழம்பும் சோறும் போட்டு, கிளம்பறப்ப ஒரு பை கருவாடு கையில குடுத்தாவ. அப்பா இறந்து வருஷக்கணக்காச்சு, அவர் பேரை மதிச்சு சோறு போடுற ஆளு நடுக்கடல் தாண்டியும் இருக்காங்க பாருங்க, அதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல.

ஆறுமுகநேரி:

2023 டிசம்பர் 17, வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நின்னுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில். இது போதும்னு நெனக்கிறேன், எல்லாருக்கும் தெரியும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் பேஞ்சதும், தண்டவாளத்துக்கு அடியில ஜல்லியெல்லாம் அடிச்சுட்டுப் போயி கம்பி அந்தரத்துல தொங்கினதும் டிவில பார்த்திருப்பீங்க. நான் அம்மாவோட உள்ள இருந்தேன், ஸ்டேஷனைச் சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணி, கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல. பக்கத்துல புதுக்குடி ஊர்க்காரங்க இருந்த அரிசியையும் பருப்பையும் வச்சு சமைச்சு, தண்ணிக்குள்ள இறங்கிக் கொண்டு வந்தாங்க. அவங்க வீட்டுக்குள்ளயே வெள்ளம், கடை கிடையாது, நாளைக்கு என்னன்னு அவங்களுக்கே தெரியாது. எங்க பெட்டில ஒரு கைப்பிள்ளை கத்திட்டே இருந்துச்சு. ஒரு ஆச்சி சேலையைத் தூக்கிச் சொருகிட்டு, தூக்குவாளியைத் தலைமேல வச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க, "பிள்ளைக்குப் பால், சூடு இருக்கு, ஆத்திக் குடுங்க"ன்னாங்க. மாடு எங்க நிக்குது, எப்படிக் கறந்தாங்க, ஈர விறகுல எப்படிக் காய்ச்சினாங்க, கேக்கறதுக்குள்ள திரும்பிப் போயிட்டாங்க. எங்க பெட்டில சென்னைக்காரங்க இருந்தாங்க, வடநாட்டுக் குடும்பம் ஒண்ணு இருந்துச்சு, யாரையும் அவங்க எந்த ஊருன்னு கேக்கவே இல்ல. அந்த ஆச்சி பேரு கூட எனக்குத் தெரியாது.

ஒட்டப்பிடாரம் ஆசிரியர்:

எல்லாரும் எழுதுறீங்க, வ.உ.சி. பேரு ஒருத்தர் வாயிலயும் வரலையே! நம்ம ஊரையும் நம்ம நாட்டையும் சேத்துக் கட்டினதே அவருதானய்யா. என் சம்பவம் சின்னது. கிண்டி காந்தி மண்டபத்துல அவர் கோயம்புத்தூர் ஜெயில்ல இழுத்த செக்கு வச்சிருக்காங்க, பேரனைக் கூட்டிட்டுப் போனேன். பையன் ரெண்டு கையையும் வச்சுத் தள்ளிப் பார்க்கிறான், அசையல, "தாத்தா, இதை மாடுதானே இழுக்கும்?"னு கேட்டான். பக்கத்துல நின்ன காவலாளி தலையில இருந்த தொப்பியைக் கழட்டிட்டாரு.

இப்ப விஷயத்துக்கு வாரேன். பிள்ளைகளுக்கு "கப்பலோட்டினார், செக்கிழுத்தார்"னு ரெண்டு வரி சொல்லி விட்டுராதீங்க. 1906ல சுதேசி கம்பெனி தொடங்கினதும், காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் கொழும்புக்கு ஓடினதும் சொல்லுங்க. எதிர்ல வெள்ளைக்காரன் கம்பெனி டிக்கெட்டைக் குறைச்சு, கடைசில இலவசமா ஏத்திக்கிட்டு கூட ஒரு குடையும் குடுத்தான், அதையும் சொல்லுங்க, பிள்ளைக கண்ணை விரிச்சுக் கேக்கும். 1908ல கோரல் மில் தொழிலாளிக வேலைநிறுத்தத்துக்கு அவர் முன்னால நின்னதைச் சொல்லுங்க, அதைத்தான் எல்லாரும் விட்டுருதாவ, கப்பல் கம்பெனி தொடங்கின ஒருத்தர் கூலி உயர்வுக்காக நின்னது எவ்வளவு பெரிய விஷயம். அதே வருஷம் ரெட்டை ஆயுள் தண்டனை. 1912ல வெளிய வரும்போது கம்பெனியே இல்ல, 1911லயே கலைச்சு கப்பலைப் போட்டிக்காரங்களுக்கே வித்துட்டாங்க. இந்தக் கடைசியை மறைக்காதீங்க, பிள்ளைக தாங்கும்.

லீவுல வந்தா காலைல வெயிலுக்கு முன்ன ஒட்டப்பிடாரம் நினைவு இல்லம், அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சி கோட்டை (1974ல கட்டின நினைவுக் கோட்டைதான், பழைய கோட்டையை வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிட்டான், அதைச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க), அப்புறம் பாரதி பிறந்த எட்டயபுரம். கயத்தாறு கட்டபொம்மன் நினைவிடத்தை அதே நாள்ல திணிக்காதீங்க, பிள்ளைக களைச்சுப் போயிரும். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா சமயத்துல வந்தா ரூம் கிடைக்காது, சொந்தக்காரங்க வீட்டை முதல்லயே சொல்லி வச்சிருங்க.

பீச் ரோடு அக்கா:

சார், வ.உ.சி. பத்தி சரியாச் சொன்னீங்க, வேலைநிறுத்தத்தை ஞாபகப்படுத்தினதுக்கு நன்றி. நான் மேல சொன்னதும் அதேதான், நம்ம ஊரு கேள்வி கேட்ட ஊரு. ஆனா அந்த காலியா கப்பல் துறைமுகத்துக்கு வந்தப்ப கரையில நின்ன கூலித் தொழிலாளி சனத்தைப் பத்தி யாராவது பெரியவங்க வீட்டுல கேட்ட கதை இருந்தா எழுதச் சொல்லுங்க. எங்க வீட்டுல சொல்ல ஆள் இல்லாமப் போச்சு.

ஆறுமுகநேரி, புதுக்குடில எனக்குத் தெரிஞ்ச குடும்பம் இருக்கு. அந்த ஆச்சி எந்தப் பக்கம் இருந்து நடந்து வந்தாங்க, ஸ்டேஷனுக்கு முன்பக்கமா பின்பக்கமான்னு சொல்லுங்க, விசாரிக்கிறேன்.