டிவிபி-எஸ் டிகோடர் ரீட்-சாலமன் படியில நிக்குது, தெரிஞ்ச ஆக்கள் உதவுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கோண்டாவில் வீட்டு மொட்டை மாடியில இருக்கிற டிஷ்ஷின்ர டிவிபி-எஸ் (சட்டலைட் டிவி ஒளிபரப்பு முறை) சிக்னலை எஸ்டிஆர் (ரேடியோ அலையைக் கம்பியூட்டருக்கு டேட்டாவா மாத்திற கருவி) ஒண்டால பதிஞ்சு, கம்பியூட்டரிலயே டிகோட் செய்யிற புரோகிராம் ஒண்டு எழுதிறன். ரெண்டு மாதமாச்சு.

கியூபிஎஸ்கே (ஒரு குறியீட்டில ரெண்டு பிட் அனுப்பிற முறை) புள்ளிகள் நாலு கூட்டமா வடிவாப் பிரிஞ்சு தெரியுது. விட்டர்பியும் (பிட் பிழைகளைத் திருத்திற முதல் படி) வேலை செய்யுது: பாக்கெட் தொடக்கத்தைக் காட்டிற சிங்க் பைட், ஹெக்ஸ் 47, 204 பைட்டுக்கு ஒருக்கா வருது, ஒவ்வொரு எட்டாவதும் தலைகீழாகி பி8 எண்டு நிக்குது. அதை முதன்முதல் திரையில கண்ட இரவு எனக்கு நித்திரையே வரேல்லை.

சிக்கல் அதுக்குப் பிறகுதான். பைட் பிழைகளைத் திருத்திற அடுத்த படியான ரீட்-சாலமன் ஒரு பாக்கெட்டில 8 பைட் பிழை வரைக்கும்தான் திருத்தும். எனக்கு ஒரு பாக்கெட்கூடத் தேறேல்லை. ரெண்டுக்கும் நடுவில, அனுப்பேக்க கலைச்சு வைச்ச பைட்டுகளை 12 கிளையால திரும்ப ஒழுங்காக்கிற டீஇன்டர்லீவரிலதான் என்ர சந்தேகம். சிங்க் பைட் எப்பவும் 0ஆம் கிளையாலதான் போகும், அதால மற்ற 11 கிளையும் பிழைச்சாலும் 47 ஒழுங்காத்தான் தெரியும். அதை நம்பேலாது. அனுப்பிற பக்கம் j ஆம் கிளைக்கு 17×j தாமதம் எண்டபடியா, வாங்கிற பக்கம் 17×(11−j) போட்டிருக்கிறன். ரீட்-சாலமன் 255 பைட்டில இருந்து 204க்குக் குறுக்கின கோட் எண்டதால முன்னுக்கு 51 பூச்சியமும் வைச்சிருக்கிறன், ஜெனரேட்டர் பல்லுறுப்புக்கோவையின்ர மூலங்கள் 0ஆம் அடுக்கில இருந்து தொடங்குது.

இதில எது பிழை? இதைச் செய்து பார்த்த ஆரிட்டயாவது, சரியெண்டு உறுதியான 204 பைட் பாக்கெட் ஒண்டு இருந்தா அனுப்புங்கோ, டிகோடரைத் தனியாச் சோதிச்சிடுவன். நேரில பார்க்கிறதெண்டாலும் சரி, சனி ஞாயிறில சாவகச்சேரி, பருத்தித்துறை எங்கயெண்டாலும் லப்டொப்போட வாறன்.