மேட்ச் நேரம் பார்த்து சேனல் போன கதை உங்க வீட்டுல உண்டா?

தென்காசிக்காரன்:

2019 உலகக் கோப்பை அரையிறுதின்னா எல்லாரும் தோனி ரன் அவுட்டைத்தான் சொல்வாங்க. எங்க வீட்டுல அதுக்கு முந்தின நாளே ஒரு ரன் அவுட் நடந்துபோச்சு.

அந்த வருஷம் பிப்ரவரியிலதான் டிராயோட (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) புது விலைத் திட்டம் வந்தது. 130 ரூபாய்க்கு நூறு சேனல், அதுக்கு மேல ஜிஎஸ்டி, கட்டணச் சேனல் வேணும்னா நாமளே பார்த்து எடுத்துக்கணும். அப்பா நோட்டை எடுத்து வச்சுக் கணக்குப் போட்டு, தமிழ் ஸ்போர்ட்ஸ் சேனலைப் பட்டியல்லேர்ந்து அடிச்சுட்டார். "இந்தியா மேட்ச்தான் டிடி ஸ்போர்ட்ஸ்ல சும்மா வருதே, இது எதுக்குத் தண்டத்துக்கு?" எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு.

ஜூலை 9, மதியம் மூணு மணி. டிடி ஸ்போர்ட்ஸைப் போட்டா பழைய கபடி ஓடுது. தெரு முக்குல டீக்கடை. அங்க ஃப்ரீ டிஷ், அதாவது மாசக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷன் டிடிஹெச். அதே டிடி ஸ்போர்ட்ஸ், அதுல மேட்ச் ஓடுது! அப்பா டீக்கடைக்கும் வீட்டுக்குமா மூணு நடை நடந்து, ரெண்டு டிவியும் ஒரே சேனல்தானான்னு பார்த்துட்டு வந்தார். டிடிஹெச் கஸ்டமர் கேருக்கு அடிச்சா, "பாக்ஸை ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க சார்." பண்ணோம். கபடி இன்னும் தெளிவா வந்தது.

விஷயம் எனக்குப் பிற்பாடுதான் விளங்குச்சு. முக்கியமான மேட்ச்களை, உரிமை வாங்கின தனியார் சேனல், தூர்தர்ஷனை நடத்துற பிரசார் பாரதிக்கும் கொடுக்கணும்னு 2007ல ஒரு சட்டம் இருக்கு. தூர்தர்ஷன் வழியா அது எல்லா கேபிளுக்கும் டிடிஹெச்சுக்கும் போயிட்டா, கோடி கோடியா கொட்டினவன் சேனலை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான்? கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2017 ஆகஸ்ட்ல தீர்ப்பு: அந்த சிக்னல் தூர்தர்ஷனோட தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான். ஆக, மாசாமாசம் காசு கட்டுறவனுக்குக் கபடி, கட்டாதவனுக்குக் கிரிக்கெட். சட்டப்படி சரியா இருக்கலாம். அதை அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியலை.

நல்லவேளை, 46வது ஓவர் முடிஞ்ச கையோட மழை வந்து ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப் போச்சு. "நமக்காகத்தான் பெய்யுது"ன்னார் அப்பா. காலையில மெக்கானிக் வந்து மொட்டைமாடி ஏறினார். டிஷ்ஷைப் பார்த்தார், சிரிச்சார். "அண்ணாச்சி, உங்க கம்பெனியும் ஃப்ரீ டிஷ்ஷும் ஒரே திசைதான், 93.5 டிகிரி. டிஷ்ஷைத் தொடவே வேண்டாம்." கீழ வந்து கேபிளைக் கழற்றி, பையில இருந்த பழைய ஃப்ரீ டிஷ் பாக்ஸ்ல திருகி, ஸ்கேன் போட்டார். மேட்ச் சேனல் வந்துடுச்சு. எழுநூறு ரூபாய்.

சாயங்காலம் உட்கார்ந்தா, அஞ்சு ரன்னுக்கு மூணு விக்கெட். வர்ணனை ஹிந்தி. பத்ரிநாத்தும் பாலாஜியும் தமிழ்ல பேசிக் கேட்டுப் பழகின மனுஷன் ரெண்டு மணி நேரம் ஊமைப்படம் மாதிரி பார்த்தார். ஜடேஜா 77 அடிச்சப்ப மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் தோனியை ரன் அவுட் ஆக்க குப்தில் எறிஞ்சது உங்களுக்கே தெரியும்.

ஈரோடு பாலு:

எங்க வீட்டுலயும் அதே கபடிதான் அண்ணே. நாங்க பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணதோட நிக்கலை. மாடிக்குப் போய் டிஷ்ஷைத் திருப்பிட்டோம். அப்புறம் கபடியும் போச்சு.

அல்சூர்வாசி:

நான் பெங்களூரு. டிடிஹெச் இல்லை, கேபிள். 2023 பிப்ரவரி 18, மகா சிவராத்திரி. டெல்லியில ஆஸ்திரேலியா டெஸ்ட், ரெண்டாவது நாள். டிவியைப் போட்டா ஸ்போர்ட்ஸ் சேனல் இருந்த நம்பர் எல்லாம் காலி. பொண்டாட்டிக்கு சீரியல் சேனலும் இல்லை, அதனால வீட்டுல முதல் தடவையா ரெண்டு பேரும் ஒரே பக்கம்.

டிராய் விலை விதியை மாத்த, சேனல் கம்பெனிகள் விலையை ஏத்தினாங்க. புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட மாட்டோம்னு பெரிய கேபிள் கம்பெனிகள் நின்னுட்டாங்க. சேனல் கம்பெனிகள் 48 மணி நேர நோட்டீஸ் கொடுத்து சிக்னலை நிறுத்திட்டாங்க. நாடு முழுக்க நாலரைக் கோடி வீடுன்னு கேபிள் சங்கம் சொன்னாங்க. ரெண்டு தரப்பும் "நுகர்வோர் நலன்"னுதான் பேசினாங்க, அதான் ஆத்திரம். டிடிஹெச் வச்சிருந்த மாடி வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகலை. அஷ்வினும் அக்சரும் 114 ரன் சேர்த்ததை அவர் வீட்டுச் சத்தத்தை வச்சுத்தான் நான் கணக்குப் போட்டேன்.

மறுநாள் ஞாயிறு. ஒரே போன், நாலு தலை. பையன் நெட் பேலன்ஸ் முடிஞ்சு போன் சுத்த ஆரம்பிச்சப்ப ஆஸ்திரேலியா ஒத்தை விக்கெட்தான் போயிருந்தது. ரீசார்ஜ் பண்ணிட்டு வந்து பார்த்தா பாதி டீமைக் காணோம். 113க்கு ஆல் அவுட், ஜடேஜாவுக்கு ஏழு. அதுல நான் நேரா பார்த்தது ரெண்டு.

செரிட்டோஸ் அக்கா:

உங்களுக்கெல்லாம் நாள் கணக்கு. எங்களுக்கு ஆறு வருஷம். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் இருக்கேன். என் வீட்டுக்காரர் இங்க வந்து பேஸ்பால் பைத்தியம் ஆனவர். 2014ல எங்க ஊர் பேஸ்பால் டீம் டாட்ஜர்ஸோட ஆட்டங்களுக்குன்னே தனிச் சேனல் வந்தது. 25 வருஷத்துக்கு 835 கோடி டாலர் ஒப்பந்தம். அந்தக் காசு எங்கிருந்து வரும்? பேஸ்பால் பார்க்கிறவங்க, பார்க்காதவங்க எல்லார் பில்லுலயும் ஏத்தணும். எங்க சாட்டிலைட் கம்பெனி முடியாதுன்னுட்டது. ஊர்ல பாதிக்கு மேல வீடுகள்ல சொந்த ஊர் டீமோட ஆட்டம் டிவியில வராது.

வின் ஸ்கல்லின்னு ஒரு வர்ணனையாளர். 67 சீசன் அந்த ஒரே டீமுக்குப் பேசினவர். 2016ல ஓய்வு பெற்றார். அவரோட கடைசி ஆட்டங்கள் சிலதை இலவசச் சேனல்ல போட்டாங்க. நாங்க கடையில கொம்பு ஆன்டெனா வாங்கி, ஜன்னல்ல டேப் போட்டு ஒட்டிப் பார்த்தோம். என் மாமியார் ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. "அமெரிக்கா வந்தும் ஆன்டெனாவைத்தான் திருப்பறீங்களா"ன்னாங்க.

ஒருவழியா 2020 ஏப்ரல்ல சாட்டிலைட்ல சேனல் வந்தது. அப்ப கொரோனா. ஆட்டமே இல்லை! ஜூலை வரைக்கும் பழைய மேட்ச்தான் பார்த்தோம்.

லைன்மேன் குமார்:

அல்சூர் அண்ணே, நானும் பெங்களூருதான், லிங்கராஜபுரம் பக்கம். முன்னூறு வீட்டுக்கு லைன் வச்சிருக்கேன். அந்த வாரம் என் கதையையும் கேளுங்க.

சண்டை போட்டது சேனல் கம்பெனியும் பெரிய கேபிள் கம்பெனியும். சிக்னல் எனக்கு மேலயே நின்னுபோச்சு, நான் எந்த ஒயரையும் தொடலை. ஆனா மும்பையிலயா போய் ஜனங்க கதவைத் தட்டுவாங்க? என் வீட்டுக்குத்தான் வந்தாங்க. சிவராத்திரிக்குக் கோயிலுக்குப் போனேன், வரிசையில நின்னே திட்டு வாங்கினேன். "போன மாசமே காசு வாங்கிட்டுப் போனியே"ன்னு ஒருத்தர் சட்டையைப் பிடிச்சார். அப்ப இருந்த 130 ரூபாய் மாசக் கட்டணத்துல, பெரிய கம்பெனியோட தனி ஒப்பந்தம் இல்லேன்னா, எங்க பங்கு 45 சதவீதம். கட்டணச் சேனல் விலையில பெரும்பங்கு மேல போயிடும். இதை நடுத்தெருவுல நின்னு யாருக்கு விளக்குறது? மூணாவது நாள் போனை ஆஃப் பண்ணிட்டேன், தப்புதான்.

அஞ்சாறு நாள்ல சேனல் திரும்ப வந்தது. ஒரு வீடு கூட "வந்துடுச்சு"ன்னு போன் பண்ணலை. பதினஞ்சு வீடு டிடிஹெச்சுக்கு மாறிட்டாங்க. அந்த நாளுக்கான காசை மேல யாரும் எனக்குக் கழிச்சுக் கொடுக்கலை. அடுத்த மாசம் வசூலுக்குப் போனப்ப மூணாவது கிராஸ் பாட்டி இருபது ரூபாய் குறைச்சுக் கையில வச்சாங்க. "சீரியல் வராத நாளுக்குப்பா." எண்ணாம பையில போட்டுக்கிட்டேன்.