சுவைகள் போன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?

மாம்பழப்புகை:
பதினெட்டு ஆண்டுகள் சிகரெட் பிடித்தவன் நான். அதை விட்டது மாம்பழச் சுவை ‘வேப்’ (நிகோடின் திரவத்தைச் சூடாக்கி ஆவியை இழுக்கும் மின்சிகரெட்) உதவியால்தான் என்றால் வீட்டில் இன்னமும் சிரிக்கிறார்கள். இரண்டு மாதங்களாக இங்கே வேப் திரவத்தின் சுவைகளில் புகையிலை மட்டும்தான் விற்கலாம். சிறுவர்களை மனத்தில் வைத்து வந்த சட்டம். அதோடு எனக்குச் சண்டை இல்லை, என் மகனுக்கே பதினான்கு வயது. ஆனால் முதல்முறை அந்தப் புகையிலைத் திரவத்தை இழுத்தபோது ஏமாந்துபோனேன். நனைந்த அட்டைப்பெட்டியில் சர்க்கரை தூவியது போல ஒரு ருசி. சிகரெட்டின் மோசமான நகல். நகல் நாக்கில் பட்டதும் அது அசலைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. நான்கு ஆண்டுகளாக நினைக்காத சிகரெட்டை அன்று மாலை முழுவதும் நினைத்தேன். கடை வாசல்வரை போய்த் திரும்பினேன். உங்களுக்கு எப்படி இருந்தது?

பரண்வாசி:
நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு, தடை வருமுன்பே இரண்டு ஆண்டுகளுக்குப் போதுமான புதினாச் சுவைத் திரவத்தை வாங்கிப் பரணில் அடுக்கினேன். எட்டு மாதம் கழித்து ஒரு குப்பியைத் திறந்தால் கஷாய நிறம். இழுத்தால் தொண்டையில் மிளகு அரைத்தது போல எரிச்சல், புதினாவைக் காணோம். காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் பட்டால் நிகோடின் கறுக்கும் என்று பிறகுதான் படித்தேன். என் பரணுக்கு மேலே வெயில் காயும் கூரை! பாதியைத் தூக்கி எறிந்தேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: கையிருப்பு நிறைய இருந்த நாட்களில்தான் நான் மிக அதிகமாக இழுத்தேன்.

சொட்டுக்கணக்கு:
நான் வீட்டிலேயே கலந்தேன். திரவத்துக்கு அடிப்படையான பிராபிலீன் கிளைகால், கிளிசரின், தனியாக நிகோடின், தனியாக வாசனைச் சொட்டு. தராசும் ஊசியும் மேசையில் வைத்துக்கொண்டு விஞ்ஞானி போல ஒரு மிடுக்கு வேறு. மூன்றாவது கலவையில் கணக்குத் தவறி நிகோடின் இரண்டு மடங்கு விழுந்துவிட்டது. பத்து நிமிடத்தில் தலைசுற்றல், வியர்வை, பிறகு வாந்தி. தோலில் சிந்தினாலும் நிகோடின் உள்ளே இறங்கும். நானோ கையுறைகூடப் போடவில்லை.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது வாசனைச் சொட்டுதான். குப்பியில் ‘உணவுக்கு ஏற்றது’ என்று இருந்தது. வயிற்றுக்கு ஏற்றது நுரையீரலுக்கு ஏற்றதாகிவிடுமா? வெண்ணெய் மணம் தரும் டயாசெட்டில் தின்பதற்கு அனுமதிக்கப்பட்ட பொருள்தான். பாப்கார்ன் தொழிற்சாலைகளில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் பாழானது. எண்ணெயில் கரைத்த வாசனைகளும் உண்டு. அவற்றை இழுக்கவே கூடாது. என் அலமாரியில் அப்படி இரண்டு இருந்தன. தராசை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒழித்துவிட்டேன்.

இருமுறைவிரட்டு:
ஐரோப்பாவில் இருக்கிறேன். மென்தால் (புதினாக் குளிர்ச்சி தரும்) சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். 2020 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதற்குத் தடை வந்தது. சரி என்று புதினா வேப்புக்கு மாறினேன். 2024 ஜனவரி 1 முதல் நெதர்லாந்தில் அதுவும் போயிற்று. பக்கத்து நாட்டுக்குப் போய் வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

எது மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்துத்தான் நாம் எங்கே போகிறோம் என்பதும் அமைகிறது. டென்மார்க் 2022இல் சுவைகளைத் தடுத்தபோது புகையிலையோடு மென்தாலையும் விட்டுவைத்தது. அங்கே இருந்திருந்தால் நான் முணுமுணுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். அமெரிக்காவில் 2020இல் திரவம் நிரப்பி விற்கும், கருவியில் மாட்டும் கார்ட்ரிட்ஜ்களில் மட்டும் புகையிலை, மென்தால் தவிர மற்றச் சுவைகளைத் தடுத்தார்கள். தூக்கியெறியும் கருவிகள் அந்த விதிக்குள் வரவில்லை. கூட்டம் அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்தது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

பேர்வேண்டாம்:
நான் சிகரெட்டுக்கே திரும்பிவிட்டேன். சட்டத்தின் மேல் பழி போட மாட்டேன். அதே வாரம் வீட்டில் ஒரு சாவு. ஆனால் கையில் பழைய ஸ்ட்ராபெரி இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன்.

ஏழுமாதம்:
எனக்கு நேர்மாறு. புகையிலைச் சுவை அருவருப்பாக இருந்ததால் இழுப்பதே குறைந்தது. குறைகிறதே, இதோடு இறங்கிப் பார்ப்போம் என்று நிகோடினை மில்லிலிட்டருக்கு 12 மில்லிகிராமிலிருந்து 6, 3 என்று குறைத்து ஏழாம் மாதம் நிறுத்தினேன். மாலை நேரத்துக்கு மட்டும் நிகோடின் சூயிங்கம். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஏற்கெனவே பாதி மனம் விடுவதில்தான் இருந்தது.

மாம்பழப்புகை அண்ணா, உங்களுக்குப் பகை அந்தப் போலிப் புகையிலைதான் என்று தோன்றுகிறது. சுவையே சேர்க்காத திரவம் உங்கள் பக்கம் விற்க அனுமதி உண்டா என்று பாருங்கள். கிளிசரினின் லேசான இனிப்பைத் தவிர அதில் ஒன்றுமில்லை. பேர்வேண்டாம், உங்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. நான் சிகரெட்டை விட்டது நான்காவது முயற்சியில்.

மாம்பழப்புகை:
கிடைத்தது, தங்கையே. மூன்று வாரமாக அதுதான். முதல் நாள் கெண்டியின் ஆவியை இழுப்பது போல இருந்தது, இப்போது பழகிவிட்டது. இனிப்பூட்டி கருகி ஒட்டாததால் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்கூட அதிக நாள் வருகிறது. கடை வாசலுக்குப் போகவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். 6இலிருந்து 3க்கு இறங்கியபோது உங்களுக்குத் தூக்கம் கெட்டதா? எனக்கு நான்கு நாளாக விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.