யூத இளைஞர் சந்திப்புக்கு மண்டபம்: வெள்ளியா, சனியா? எங்கள் சைவச் சாப்பாடு ஆகுமா?

மண்டபப் பொறுப்பாளர், எட்ஜ்வேர்:
வணக்கம். எங்கள் சங்க மண்டபத்தை யூத இளைஞர் குழு ஒன்று ஜூன் கடைசியில் கேட்கிறது. 22 முதல் 35 வயது வரை, 60 பேர். பத்திரிகையாளர் ஒருவர் வந்து பேசுவார், பிறகு அரட்டை, தீனி. எங்களிடம் வெள்ளி, சனி மாலைகள்தான் காலி. எதைக் கொடுக்கலாம்? நம்முடையது சுத்த சைவம், வடை சமோசா போட்டால் போதும்தானே?

பந்திக்காரர்:
வெள்ளி வேண்டாம். சூரியன் மறையுமுன்பே ஷபாத், அதாவது சனி இரவு வரை நீளும் யூதர்களின் ஓய்வு நாள், தொடங்கிவிடும். அனுசரிப்பவர்கள் வண்டி ஓட்ட மாட்டார்கள், மைக் தொட மாட்டார்கள். சனி இரவு டிசம்பரில் சரி, 5 மணி வாக்கிலேயே முடிந்துவிடும். ஜூன் கடைசியில் லண்டனில் முடியவே இரவு 10 தாண்டும். யாரையாவது கேட்டு வியாழனை மாற்றி வாங்குங்கள்.

சைவம் வேறு, கோஷர், அதாவது யூத மத உணவு விதி, வேறு. உங்கள் எண்ணெய்ச் சட்டி, கரண்டி எல்லாம் கோஷர் கண்காணிப்பில்லாதவை. கறிவேப்பிலை, கொத்தமல்லியில் பூச்சி இருக்கிறதா என்று இலை இலையாய்ப் பார்ப்பார்கள். சீஸ் எந்த ரென்னட்டில் (பாலை உறைய வைக்கும் பொருள், கன்றின் வயிற்றிலிருந்தும் எடுப்பார்கள்) உறைந்தது என்பதும் கேள்விதான். கோஷர் முத்திரை உள்ள கேட்டரரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் பங்குக்கு வெட்டாத முழுப் பழம், தண்ணீர், காகிதத் தட்டு.

வைனில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். கோஷர் வைனாகவே இருந்தாலும், யூதரல்லாத பணியாள் திறந்து ஊற்றினால் அனுசரிப்பவர்கள் குடிக்க மாட்டார்கள். லேபிளில் 'மெவுஷால்' என்றிருந்தால், அதாவது சூடுபடுத்தியது என்றால், அந்தச் சிக்கல் இல்லை. திராட்சைச் சாற்றுக்கும் இதே கதைதான்.

மேடை ஒலி:
பேச்சைத் தீனிக்கு முன் வையுங்கள். தட்டு கைக்கு வந்துவிட்டால் 60 பேர் சத்தத்தை எந்த ஸ்பீக்கரும் வெல்லாது. நெறியாளர் கேட்டு விருந்தினர் பதில் சொல்ல 20 நிமிடம், சபைக் கேள்விக்கு 25. சட்டையில் குத்தும் மைக் இரண்டு, சபைக்குக் கைமைக் ஒன்று. அந்தக் கைமைக்கைக் கேட்பவர் கையில் கொடுக்காதீர்கள், தொண்டர் பிடித்துக்கொள்ளட்டும். கொடுத்தால் கேள்வி பிரசங்கமாகும். அரசியல் சூடேறும் என்று தோன்றினால் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கலாம்.

பதிவு செய்யலாமா, மேற்கோள் காட்டலாமா என்பதை விருந்தினரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். 'சாட்டம் ஹவுஸ் (Chatham House) விதி' என்றால் எதுவுமே வெளியே போகாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம். யார் சொன்னார், யார் வந்திருந்தார் என்று மட்டும் காட்டிக்கொடுக்கக் கூடாது. தொடக்கத்திலேயே ஒருமுறை அறிவித்துவிட்டால் போதும்.

பந்திக்காரர்:
பாதுகாப்பை மறந்துவிட்டேன். முகவரியைச் சுவரொட்டியில் போட மாட்டார்கள், பதிந்தவர்களுக்கு மட்டும் அனுப்புவார்கள். நீங்களும் வாசலில் பலகை வைக்காதீர்கள். காவலுக்குப் பிரிட்டன் யூதர்களின் பாதுகாப்பு அமைப்பான கம்யூனிட்டி செக்யூரிட்டி டிரஸ்ட்டிடம் குழுவினரே பேசிக்கொள்வார்கள். பின்கதவுக்குச் செங்கல் முட்டுக்கொடுக்கும் நம் பழக்கம் அன்றைக்கு ஆகாது.

மண்டபப் பொறுப்பாளர், எட்ஜ்வேர்:
வியாழன் கிடைத்துவிட்டது, நன்றி. கேட்டரர் சாப்பாட்டை எங்கள் ஓவனில் சூடாக்கலாமா?

பந்திக்காரர்:
அவர்களின் கண்காணிப்பாளர் சரி என்றால் சூடாக்கலாம். இரண்டு உறை போட்டு, முத்திரை ஒட்டி வரும். அப்படியே உள்ளே வைக்க வேண்டும். உதவி செய்கிறேன் என்று உங்கள் பையன் யாராவது ஃபாயிலைப் பிரித்தால் அந்தத் தட்டு அவ்வளவுதான். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.